ஓதங்காத்த சாஸ்தா

இருமல் சத்தம் நின்று ரொம்ப நேரமாகிவிட்டது என்பது, ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டுக்குப் பெண்கள் தொண்டையைச் செருமியபோதுதான் குற்றாலிங்கத்துக்கு உறைத்தது. செருமல் வேறு, இருமல் வேறு. செருமலில் ஒரு தோரணை உண்டு, இதோ பாடப்போகிறேன் கேட்டுக்கோ என்று. இருமலில் அதெல்லாம் கிடையாது, ஆளை இடுப்பில் பிடித்து மடக்கிவிடும். அதிலும் உலகம்மாளின் இருமல் மலையேறுகிற பழைய பஸ்ஸைப் போல, உறுமும், நிற்கும், கொஞ்சம் பின்னால் உருளும், திரும்ப உறுமும். அந்த பஸ் இப்போது எங்கே போய் நின்றுவிட்டது? அவர் படுக்கையறைக் கதவு நிலையில் சாய்ந்து, பாதி உடம்பு உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்றிருந்தார். ஆயுசில் பெரும்பங்கு படிக்கட்டில் நின்றே கழித்த கண்டக்டருக்கு, ரிட்டயர்டான பிறகும் அதுதான் தோதான இடம். உள்பக்கத்துக் காதுக்குப் பாட்டு. வெளிப்பக்கத்துக் காதுக்குக் கூடம் தாண்டி அடுக்களை, அங்கே சுண்டல் தாளிக்கிற பெண்டாட்டி. கடுகு வெடித்தது கேட்டது. வத்தல் கருகின கமறல் வந்தது, அதற்கு அவரே இருமினார். அவள் இருமவில்லை. ஒரு மாதமாக, வெந்நீர் ஆவிக்கே இருமுகிறவள் வத்தல் நெடிக்கு இருமவில்லை என்றால் ஒன்று குணமாகியிருக்க வேண்டும், இல்லையென்றால்... இல்லையென்றால் என்பதற்கு அப்பால் அவர் புத்தி போக மறுத்தது, செக்போஸ்ட்டில் கட்டை போட்டமாதிரி நின்றது. குணமாகியிருக்கும். டாக்டர் வாய்க்குள் அடித்துக்கொள்ளக் கொடுத்த பஃப் மருந்து கேட்டிருக்கும். அந்த டாக்டரை நினைக்கக்கூடாது என்று நினைத்தார், நினைத்துவிட்டார்.

உள்ளே சாம்பிராணித் தணலில் யாரோ இன்னொரு கை அள்ளிப் போட்டார்கள். புகை எழுந்து மேற்குச் சுவரில் உட்கார்ந்திருந்த சாஸ்தாவை மறைத்தது, விலகியது, மறைத்தது. மறைக்கும்போது அவருக்கு நிம்மதி. விலகும்போது கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். கட்டிலைப் பிரித்துக் கூடத்தில் சாத்தியிருந்தார்கள். பீரோ இருந்த இடத்தில் கோலம், குத்துவிளக்கு, ஒரு தாம்பாளத்தில் பழம். சாஸ்தாவுக்கு அரளி மாலை. சுவரில் ஆணி இறங்காது, இறங்கினால் காரை பொலபொலவென்று கொட்டிவிடும், அதனால் ஜன்னல் கம்பியிலிருந்து நூல் கட்டி மாலையைத் தொங்கவிட்டிருந்தார்கள். எல்லாருக்கும் முன்னால், விளக்கை ஒட்டி, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள் வீட்டுக்கார ஆவுடையம்மாள். மாடியில் தனியாக இருக்கிறவள், புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம், மகன் கோயமுத்தூரில். அவள் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் தீர்மானம் செய்துகொள்வது வழக்கம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பார்ப்பதும் வழக்கம்.

எல்லாவற்றுக்கும் சாரலைச் சொல்லவேண்டும். இல்லை, சாரல் பாவம் என்ன செய்யும், அது பெய்வதற்கென்று பிறந்தது. ஆனி பிறந்தால் தென்காசி முழுக்கச் சந்தோஷமாக நனையும், அருவிக்குக் குளிக்க வண்டி வண்டியாக வருவார்கள், ஆகா என்ன குளுமை என்பார்கள். மேல்காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கிற வாடகை வீட்டில் கீழ்த்தளத்தில் இருக்கிறவனைக் கேட்டால் தெரியும் குளுமை. முதலில் அவருடைய தோல் பைதான் பூத்தது. டிக்கெட்டும் சில்லறையும் போட்டு அவர் தோளில் தொங்கிய பை, பரணிலிருந்து எடுத்தால் மேலெல்லாம் வெள்ளையாகப் பூசணம், விரலில் விபூதிபோல் ஒட்டியது. அப்புறம் பெல்ட். அப்புறம் உலகம்மாளின் கல்யாணப் பட்டு, மடிப்புக்கு மடிப்பு கறுப்புப் பொட்டு. அப்பளம் நமுத்தது, உப்பு நீர் விட்டது, தீக்குச்சியை உரசினால் மருந்து வழிந்ததே தவிரப் பற்றவில்லை. தலையணையில் முகம் வைத்தால் பாழுங்கிணற்றுக்குள் எட்டிப்பார்த்த வாடை. ஒரு நாள் பீரோவை நகர்த்தினார்கள். பின்னால் சுவர் முழுக்கப் பச்சையும் கறுப்புமாக, ஓர் ஆள் உயரத்துக்கு. பச்சை நிறத்தில் ரோமம்கூட இருந்தது. அன்றைக்கு ராத்திரிதான் உலகம்மாள் முதல்முதலாக எழுந்து உட்கார்ந்து இருமினாள். அன்றைக்கே சுரண்டியிருக்கலாம். ஒரு வாளி தண்ணீரும் கொஞ்சம் பிளீச்சிங் பவுடரும் தென்னைமாறும் போதும். வீட்டுக்காரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்வோம் என்று மாடி ஏறியவர் அவர்தான். ஒழுங்காகத்தான் ஏறினார். கதை விடவேண்டும் என்று ஏறவில்லை, அந்தக் கோயில் உலகம்மன் சத்தியமாக.

“அக்கா, சுவர் ஓதங்காத்துப் பூத்திருக்கு, வந்து பாருங்க” என்றார். இவ்வளவுதான் சொன்னது. சுவரில் ஈரம் ஊறினால் அந்தப் பக்கத்தில் ஓதங்காக்கிறது என்பார்கள், பச்சைப் பிள்ளைக்குத் தெரிந்த சொல். ஆனால் ஆவுடையம்மாளுக்கு இடது காது மந்தம், அவர் நின்றது இடது பக்கம். அவளுக்கு ஓதம் கேட்டது, காத்த என்று ஒன்று கேட்டது, பூத்திருக்கு என்பது நன்றாகக் கேட்டது. காத்த என்கிற ஒரு சொல் போதும் அவளுக்கு. அந்தச் சீமையில் குடும்பத்துக்கு ஒரு சாஸ்தா உண்டு. மடை காத்தவர், கரை காத்தவர் என்று எதையாவது காத்த பேரோடு எங்கேயாவது ஒரு காட்டில், ஒரு குளத்தங்கரையில், காலை மடக்கி உட்கார்ந்திருப்பார். பங்குனி உத்திரத்துக்கு ஊர் காலியாகும், அரிசியும் பானையுமாகத் தெருவே வேன் ஏறும், அவரவர் சாஸ்தாவைப் பார்க்க. ஆவுடையம்மாளின் புருஷன் வீட்டுக்கு சாஸ்தா எதுவென்று தெரியாது. மாமனார் சொல்லாமல் செத்தார், புருஷன் கேட்காமல் செத்தார். சாஸ்தா தெரியாத வீடு என்றால் அந்தப் பக்கத்தில் அது ஒரு வசவு, மகனுக்குப் பெண் தேடியபோது மூன்று வாசலில் அதைச் சொல்லியே கையை விரித்தார்கள். உத்திரத்தன்று அவள் மாடிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பாள், விளக்குக்கூடப் போடமாட்டாள், வீட்டில் ஆள் இல்லை, அவளும் எங்கேயோ போயிருக்கிறாள் என்று தெரு நினைத்துக்கொள்ளட்டும் என்று. இது குற்றாலிங்கத்துக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தார். இல்லை, செய்யும்போது ஞாபகம் இல்லை. இல்லை, இருந்தது.

கீழே வந்தவள் சுவரைப் பார்த்து அப்படியே நின்றாள். பிறகு, கால மடக்கி உக்காந்திருக்காரே என்றாள், தனக்குத்தானே. அவரும் பார்த்தார். பார்த்தால், ஆமாம், ஒரு தலை மாதிரி, ஒரு தோள் மாதிரி, ஒரு முழங்கால் மாதிரி. மேகத்தைப் பார்த்தால் யானை தெரிவதில்லையா, அதுபோல. அந்த இடத்தில், அந்த ஒரு மூச்சு விடுகிற நேரத்தில், அக்கா அது பூசணம் என்று சொல்லியிருக்கவேண்டும். நாக்கில் இருந்தது. ஆனால் ஒரு முகம் அப்படித் திறந்து அவர் முன்னால் நின்றால் கதையைப் போடாமல் அவர் இருந்ததே கிடையாது, கை நீட்டினவனுக்கு டிக்கெட் கிழிக்கிற கை அது. செங்கோட்டைக் கணவாயில் யானை பஸ்ஸை மறித்ததையும், அதற்கு ஒரு முழு டிக்கெட்டும் தும்பிக்கைக்கு லக்கேஜும் போட்டதையும், புளியரையில் அது மணி அடித்து இறங்கிப்போனதையும் அவர் எத்தனை டீக்கடைகளில் சொல்லியிருக்கிறார். உலகம்மாள் பக்கத்தில் இருந்தால், சொல்லி முடித்து, வேணும்னா இவகிட்டக் கேளுங்க என்று அவளைக் காட்டுவார். அவளும், அரை டிக்கெட்டுனுல்லா என்கிட்டச் சொன்னிய என்று ஒரு பேரம் பேசுவாள், அதிலேயே கேட்கிறவன் நம்பிவிடுவான். அன்றைக்கும் வாய் தானாக ஓடியது. கடைசி டிரிப்பில் ஒரு கிழவர் ஏறினார் அக்கா, மழையே இல்லை, ஆனால் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார், டிக்கெட் எங்கே என்றால் எனக்கேது டிக்கெட் என்றார், பேர் கேட்டால் ஓதங்காத்தான் என்றார், நம்ம தெருமுனையில் இறங்கினார், இறங்கின இடத்தில் ஆள் இல்லை, ஈரம் மட்டும் இருந்தது. சொல்லிவிட்டுப் பழக்கதோஷத்தில் திரும்பி, நான் அன்னைக்கே ஒன்கிட்டச் சொன்னேன்லா என்றார். உலகம்மாள் சுவரைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ஆமாக்கா, சொன்னாவ என்றாள். பேரம் பேசவில்லை. சொல்லிவிட்டு இருமினாள்.

அதற்குப் பிறகு சுவர் அவர்கள் கையில் இல்லை. சுரண்டிப் பூசுவதற்குப் பேசி வைத்திருந்த கொத்தனாரை அக்கா வாசலோடு திருப்பி அனுப்பினாள். ஜன்னலைச் சாத்தியே வைங்க தம்பி, காத்துப் பட்டுக் காஞ்சா கலைஞ்சுருவாரு என்றாள். ஜன்னல் சாத்தின அறையில் சாஸ்தா கொழுத்தார். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை சனம் கூடியது. புதிதாக வருகிறவர்களுக்கு நனைந்த கிழவர் கதையை அவர் சொன்னார், சொல்லச் சொல்ல கிழவருக்குக் கம்பு வந்தது, தாடி வந்தது, கூடவே ஒரு வேட்டைநாய் வந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? ரிட்டயர்டான பிறகு அவர் பேச்சைக் கேட்க வீட்டுக்குள் இத்தனை பேர் வந்ததில்லை. உலகம்மாள் மூச்சு விடும்போது நெஞ்சில் ஒரு பூனைக்குட்டி கத்தியது, அவர் உள்ளே நாய்க்கு நிறம் யோசித்துக்கொண்டிருந்தார்.

நினைக்கக்கூடாது என்றால் அது வந்தே தீரும். டாக்டர் அவள் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, சளி மாதிரி தெரியலையே, வீட்டுல ஈரம் இருக்கா, சுவத்துல பூசணம் கீசணம் உண்டா என்று கேட்டார். சாதாரணமாகக் கேட்டார், எழுதிக்கொண்டே. உலகம்மாள் வாயைத் திறக்குமுன் குற்றாலிங்கம் சொல்லிவிட்டார், அதெல்லாம் இல்லை சார், நல்ல வெயில் வீடு என்று. வெயில் வீடு. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? யாரும் அப்படி ஒரு சொல்லைச் சொல்லி அவர் கேட்டதில்லை. வெயில் வீடு. காறித்துப்பினாலும் போகாமல் பல்லிடுக்கில் பாக்குத் துணுக்குபோல் அது கிடந்தது. சாமி வந்த வீடு என்று அங்கே சொல்லமுடியாது, பூசணம் என்றும் சொல்லமுடியாது. பூசணம் என்று ஓர் இடத்தில் ஒப்புக்கொண்டால் அது நடந்து நடந்து ஆவுடையம்மாளின் நல்ல காதுக்கு வந்துவிடும் என்று அந்தக் கணத்தில் அவர் கணக்குப் போட்டது உண்மை. டாக்டர் அவளைப் பார்த்தார், அப்படியாம்மா என்று. அவள் தலையை ஆட்டினாள். யானைக் கதைக்கு ஆமாம் போட்ட அதே தலை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து காற்றை வாங்கிக்கொண்டே வந்தாள், இறங்கவேண்டிய இடம் வந்தும் எழுந்திருக்க மனமில்லாதவள் போல.

அதைவிடக் கேவலம் ஒன்று இருந்தது. அது கட்டை விரலில் இருந்தது. போன வாரத்துக்கு முந்தின வெள்ளி, இலஞ்சியிலிருந்து வந்த ஒரு பெண், எல்லாம் சரி, சாஸ்தான்னா முழங்காலைச் சுத்திப் பட்டை கட்டியிருப்பாருல்லா, இவருக்கு இல்லையே என்றாள். ஆவுடையம்மாளின் முகம் விழுந்துவிட்டது. அன்றெல்லாம் விழுந்தே கிடந்தது, மாடியில் அவள் நடக்கிற சத்தமே வேறாக இருந்தது. மறுநாள் மத்தியானம் உலகம்மாள் கூடத்தில் கண்ணயர்ந்திருந்தபோது குற்றாலிங்கம் உள்ளே போய், கட்டை விரலைச் செம்புத் தண்ணீரில் நனைத்து, பூசணத்தின் முழங்காலுக்குக் குறுக்கே ஓர் இழுப்பு இழுத்தார். வெள்ளையாகப் பட்டை விழுந்தது. அவருக்கே மயிர் கூச்செறிந்தது, அவ்வளவு அழகாக விழுந்தது. சாயங்காலம் அக்கா வந்து பார்த்துவிட்டு அழுதாள். அவர் ராத்திரி இலையில் உட்கார்ந்தபோது உலகம்மாள் சோற்றைப் போடாமல் நின்றாள். கையக் கழுவிட்டு உக்காருங்க என்றாள். நகக்கண்ணில் கறுப்பு. வேறொன்றும் கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் அதற்கும் ஒரு கதை வைத்திருந்தார்.

பாட்டு உச்சத்துக்குப் போனது, கைத்தட்டல் வேகமானது, இன்னும் சாம்பிராணி, இன்னும் புகை. அடுக்களையில் இப்போது கரண்டிச் சத்தமும் இல்லை. தாளித்து இறக்கியிருப்பாள். தேங்காய் துருவுகிறாளாக இருக்கும். துருவினால் சத்தம் வருமே. குற்றாலிங்கம் நிலையை விட்டு முதுகை எடுத்தார். தீப்பெட்டி எடுக்கப் போகிறவன் மாதிரி, யாரும் கேட்காத காரணம் ஒன்றை முகத்தில் வைத்துக்கொண்டு கூடத்தைக் கடந்தார். அடுக்களையில் ஆள் இல்லை. சுண்டல் சட்டியில் மூடி போட்டிருந்தது. புறவாசல் கதவு ஒருக்களித்திருந்தது.

துவைகல்லின் மேல் அவள் சாரலில் குந்தியிருந்தாள். ஈரிழைத் துண்டைச் சுருட்டி வாய்க்குள் திணித்து இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தாள். தோள் தூக்கித் தூக்கிப் போட்டது, முதுகு வில்லாக வளைந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் வழிந்தது. ஒரு பெரிய இருமலைத் துண்டுக்குள்ளேயே கொன்று புதைத்துவிட்டு நிமிர்ந்தவள் அவரைப் பார்த்தாள். பிடிபட்டவள் மாதிரி துண்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

“உள்ள கேட்டுச்சா?” என்றாள்.

இல்லை என்று தலையை ஆட்டினார். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, அதைப் பார்க்கத்தான் அவருக்குக் கண் கூசியது. போங்க, போய் நில்லுங்க, பாட்டு முடியட்டும், அக்கா ஆசையா இருக்காவ என்று கையால் பாதியும் மூச்சால் பாதியுமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்தது வருகிறது என்று அவசரமாகத் துண்டைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டாள். எத்தனை வெள்ளிக்கிழமையாக? கேட்கவில்லை. கேட்டு என்ன செய்ய. இந்தத் துவைகல் எத்தனை வெள்ளிக்கிழமை அவளைப் பார்த்திருக்கும், அவர் உள்ளே நாய்க்கு வால் வைத்துக்கொண்டிருந்தபோது.

அவர் உள்ளே வந்தபோது கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். பாட்டு முடிந்து ஓர் அமைதி. பெண்கள் வழிவிட்டார்கள், அண்ணாச்சி ஏதோ சொல்லப்போகிறார் என்று. அவர் சொன்னார். அது சாஸ்தா இல்லை, பூசணம், நனைந்த கிழவரும் இல்லை, நாயும் இல்லை. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இலஞ்சிக்காரி, அண்ணாச்சி ஆரம்பிச்சுட்டாவ என்றாள், சிரிப்பு பரவியது, பூசணம் எந்த ஸ்டாப்புல ஏறுச்சு அண்ணாச்சி என்று இன்னொருத்தி கேட்டாள். இத்தனை காலம் பொய்க்கு ஆடின தலைகள் நிஜத்துக்கு ஆடமாட்டேன் என்றன. ஆவுடையம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க தம்பி, எனக்குக் கேக்கலை என்று வலது காதைத் திருப்பினாள்.

அவர் அவள் பக்கத்தில் முழங்காலிட்டார். விளக்கருகே செம்பில் இருந்த தண்ணீரில் கட்டை விரலைத் தோய்த்து, எட்டி, சாஸ்தாவின் முழங்காலில் பழைய பட்டைக்குக் கீழே இன்னொரு பட்டை இழுத்தார். யாரோ ஐயோ என்றார்கள். அப்புறம் விரலை விளக்குக்கு நேரே அவள் கண் முன்னால் நீட்டினார், கறுப்பும் பச்சையுமாக.

“பட்டை நான் போட்டதுக்கா. இது ஓதம். உலகம்மாளுக்கு மூச்சு முட்டுது இதனால.”

அவள் விரலைப் பார்த்தாள். முகர்ந்துகூடப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். திட்டப்போகிறாள், வீட்டைக் காலி பண்ணு என்று சொல்லப்போகிறாள் என்று அவர் எதிர்பார்த்தார், சொன்னால் தேவலை என்றுகூட இருந்தது, சொன்னால் அதைச் சுமந்துகொண்டு போய்விடலாம். அவள் கோபப்படவில்லை. தெருவில் வழி கேட்கிறவள்போல்தான் கேட்டாள்.

“அப்ப எங்க சாஸ்தா எங்க தம்பி?”

வாயைத் திறந்தார். அவர் கதைகளில் எப்போதும் நெருக்கியடித்து ஏறும் ஆட்களில் ஒருவரும் ஏறவில்லை. காலி பஸ். மூடினார். கற்பூரம் தானாகவே அணைந்தது. பெண்களில் இரண்டு பேர் எழுந்தார்கள், செருப்பைத் தேடுகிற சத்தம் கேட்டது. குற்றாலிங்கம் எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல், ஜன்னலுக்குப் போனார். ஊறிப் பருத்த கதவு சட்டத்தோடு கவ்விக்கொண்டு அசையவில்லை. கையால் தட்டினார், தோளைக் கொடுத்து முட்டினார். யாரும் உதவிக்கு வரவில்லை, வரவேண்டும் என்று அவர் நினைக்கவும் இல்லை. இன்னொரு முட்டுக்கு அது விலகியது. நூல் அறுந்து மாலை தரையில் விழுந்தது. சாரல் முகத்தில் அடித்தது. பின்னால், புறவாசலிலிருந்து, துண்டைத் துப்பிவிட்டாளோ என்னவோ, உலகம்மாள் வாய்விட்டு இருமினாள். உறுமி, நின்று, உருண்டு, மறுபடி உறுமி, அடிவயிற்றிலிருந்து, முடிவே இல்லாமல். எல்லாருக்கும் கேட்டது.